கண்ணுக்கு மூன்று நாள் கெடு

(கள்ளக்குறிச்சியில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு கண் மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கண் நோய்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். கண்புரை, சர்க்கரை நோயால் வரும் பார்வைக் குறைவு, கண்ணாடி ஆகியவற்றைப் பற்றி முகாம்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வைரஸ் கிருமி கண்ணைத் தாக்கினால் அதற்கு மருந்து உண்டா? சில வைரஸ்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இருக்கும் இடத்தில் அந்த மருந்து மலிவானது, நல்லது, ஆனால் நாள் கணக்குப் பார்ப்பது. இல்லாத இடத்தில் நாம் போடும் மருந்தே கண்ணைக் கெடுத்துவிடக்கூடும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் என் வேலை.

முதலில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த மெட்ராஸ் ஐ. 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க அது பரவியபோது, நாளொன்றுக்கு நாலாயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்படுகிறார்கள், அதுவரை ஒன்றரை லட்சம் பேருக்கு வந்துவிட்டது என்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் வகுப்பே சிவந்துவிடும். இதற்குப் பெரும்பாலும் காரணம் அடினோ வைரஸ். 1918-இல் சென்னை எழும்பூரில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அது சரியில்லை. சென்னையில் 1819-இல் தொடங்கிய பழம்பெரும் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த கிர்க்பாட்ரிக், கண் சிவந்து, பிறகு கருவிழியில் புள்ளி புள்ளியாகத் தழும்பு நிற்கும் ஒரு கொள்ளைநோயைக் கவனித்து 1920-இல் எழுதி வைத்தார். அன்று அவர் பார்த்தது நோயை. அடினோ வைரஸைப் பிரித்தெடுத்தது 1953-இல்தான். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எட்டாம் வகை வைரஸ் கண்ணில் இந்த நோயை உண்டாக்குகிறது என்று காட்டியது 1955-இல். இந்த வைரஸைப் பிரித்தெடுக்கும் வசதி இல்லாத காலத்தில், நோயாளிகளை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தே ஒரு நோயின் போக்கை எழுதினார்களே, அந்தக் கூர்மையைத்தான் நாம் பாராட்ட வேண்டும்.

இவ்வளவு பழகிய நோய்க்கு மருந்து என்ன? அடினோ வைரஸைக் கண்ணில் கொல்வதற்கென்று நிரூபிக்கப்பட்டு நடைமுறைக்கு வந்த மருந்து இன்றுவரை இல்லை. சிடோஃபோவிர் என்ற மருந்தைச் சொட்டாகப் போட்டுப் பார்த்தார்கள். வைரஸ் குறைந்தது, ஆனால் கண்ணீர் வடியும் குழாயையே அது புண்ணாக்கி அடைத்தது, கைவிட்டார்கள். ஆகவே மெட்ராஸ் ஐ பத்து, பதினைந்து நாளில் தானாகத்தான் போகும். குளிர்ந்த ஒத்தடம், கை கழுவுதல், தனித் துண்டு, தனித் தலையணை, ஒரு வாரமாவது வேலைக்கும் பள்ளிக்கும் விடுப்பு. இதுதான் வைத்தியம். 1971-இல் வங்கதேசப் போர்க் காலத்தில் கல்கத்தாவை மொய்த்த, கண்ணில் ரத்தம் கட்டும் சிவப்பு நோய்க்கு வேறு வைரஸ் காரணம். அகதிகளோடு வந்தது என்று நினைத்து அதற்கு 'ஜாய் பாங்லா' என்றே பெயர் வைத்தார்கள். அதற்கும் மருந்து இல்லை, அதுவும் தானாகவே அடங்கும்.

அப்படியானால் மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் சொட்டு மருந்து? அங்கேதான் ஆபத்து. பெரும்பாலும் அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது, பெரிய கெடுதலும் செய்யாது. ஆனால் அதே குப்பியில் டெக்ஸாமெதசோனோ பீட்டாமெதசோனோ கலந்திருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டவுடன் சிவப்பு வடியும், வலி அடங்கும், நோயாளி சந்தோஷப்படுவார். உள்ளே கிருமியை எதிர்க்கும் காவல் தளர்ந்துவிடும். மெட்ராஸ் ஐயில் இதனால் நோய் பரவும் நாட்கள் கூடுகின்றன. வந்தது மெட்ராஸ் ஐயாக இல்லாமல், நான் அடுத்துச் சொல்லப்போகும் ஹெர்ப்பீஸ் புண்ணாகவோ, வயலில் ஏதாவது குத்தி வந்த பூஞ்சைப் புண்ணாகவோ இருந்தால் அந்தக் கண்ணே போகலாம். இங்கே மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உங்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: சீட்டு இல்லாமல் கண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள்.

சரி, ஹெர்ப்பீஸ். உதட்டோரம் கொப்பளம் வருமே, அதே கிருமி. நம்மில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே அது உள்ளே நுழைந்திருக்கும். நுழைந்தது வெளியேறாது. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் போய் உறங்கும். காய்ச்சல், கடும் வெயில், உடல் தளர்ச்சி என்று ஏதோ ஒரு சமயத்தில் விழித்து, நரம்பு வழியே இறங்கிக் கருவிழிக்கு வரும். வந்தால் ஒரு கண்ணில்தான் பெரும்பாலும் வரும். தண்ணீர் வடியும், வெளிச்சம் கூசும், மணல் உறுத்துவது போலிருக்கும். ஃப்ளோரசின் என்ற சாயம் தடவிய காகிதத் துண்டைக் கண்ணில் ஒற்றி நீல வெளிச்சத்தில் பார்த்தால், இலையுதிர்ந்த மரக்கிளை மாதிரி ஒரு புண் பச்சையாக ஒளிரும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். இன்னொரு சோதனையும் உண்டு. பஞ்சை நூலாகத் திரித்துக் கருவிழியை லேசாகத் தொட்டால் நல்ல கண் சட்டென்று மூடும். இந்த நோயுள்ள கண்ணில் உணர்ச்சி மங்கியிருப்பதால் மூடாது. இந்த இரண்டு சோதனைக்கும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. அதைப் பற்றி எனக்குத் தனிப் பெருமிதம் உண்டு. ஏனென்றால் வைரஸுக்கு எதிரான மருந்து என்று மனிதகுலம் முதன்முதலாக வெற்றி கண்டது கண்ணில்தான். 1959-இல் அமெரிக்காவில் வில்லியம் புருசாஃப் ஐடாக்ஸுரிடின் என்ற பொருளைத் தயாரித்தார். அவர் தேடியது புற்றுநோய்க்கு மருந்து. உடம்புக்குள் செலுத்த அது நச்சாக இருந்தது. 1962-இல் ஹெர்பர்ட் காஃப்மன் அதைக் கண்ணில் சொட்டாகப் போட்டு ஹெர்ப்பீஸ் புண்ணை ஆற்றிக் காட்டினார். அதுவரை வைரஸை அழிக்கும் மருந்து செய்யவே முடியாது என்று நம்பியிருந்தார்கள். வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து நம் பொருள்களைக் கொண்டே பெருகுகிறது, அதைக் கொன்றால் நம் செல்லும் சாகும் என்பது வாதம். கண் அந்த வாதத்தை உடைத்தது.

ஆனால் ஐடாக்ஸுரிடின் நல்ல செல்லையும் கொஞ்சம் சுட்டது. அந்தக் குறையைத் தீர்த்தது எழுபதுகளில் வந்த அசைக்ளோவிர். அதன் பின்னாலிருந்த குழுவில் முக்கியமானவர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதற்காக ஆய்வுக்கூட வேலையே மறுக்கப்பட்டவர், முனைவர் பட்டம் முடிக்காதவர், 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். இங்கே வந்திருக்கும் பள்ளி மாணவிகள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அசைக்ளோவிர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பல விஷயம் விளங்கும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, அதன் பின்கொக்கியில் இன்னொன்றை மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் தன் மரபுச் சரத்தை இப்படித்தான், ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்து நீட்டுகிறது. அசைக்ளோவிர் பார்வைக்கு அச்சாக அந்த டிரெய்லர்களில் ஒன்று, ஆனால் அதற்குப் பின்கொக்கி இல்லை. வைரஸ் ஏமாந்து மாட்டிக்கொண்டால் சரம் அங்கேயே நின்றுவிடும். நம் நல்ல செல்களில் ஏன் இது நடப்பதில்லை? அசைக்ளோவிரைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் முதல் படியை ஹெர்ப்பீஸ் குடும்பத்து வைரஸ் தன் சொந்த நொதியைக் கொண்டு செய்கிறது. நம் செல்லால் அதைக் கணிசமாகச் செய்ய முடியாது. அதனால் வைரஸ் இருக்கும் செல்லில்தான் மருந்து உயிர் பெறும். அடினோ வைரஸிடம் அந்த நொதி இல்லை. ஆகவே மெட்ராஸ் ஐக்கு அசைக்ளோவிர் களிம்பு வாங்கிப் போடுவது காசுக்கும் கேடு, கண்ணுக்கும் எரிச்சல்.

கருவிழியின் மேல்தோலில் வரும் கிளைப் புண்ணுக்கு 3 சதவீத அசைக்ளோவிர் களிம்பு, நாளுக்கு ஐந்து முறை. புண் ஆறிய பிறகும் சில நாள் தொடர வேண்டும். கான்சிக்ளோவிர் ஜெல் என்று இன்னொன்றும் இருக்கிறது. நோய் கருவிழியின் உள்ளடுக்குக்கு இறங்கிவிட்டால் கதை மாறும். அங்கே வைரஸைவிட, அதை எதிர்க்கும் நம் உடம்பின் ஆவேசம்தான் கண்ணைக் கலங்கடிக்கிறது. அதை அடக்க ஸ்டீராய்டு சொட்டு தேவைப்படும். ஆம், சற்று முன் நான் கைகூப்பித் தடுத்த அதே மருந்துதான். கண் மருத்துவர் பார்த்து, அசைக்ளோவிர் காவலோடு, அளவு குறைத்துக் குறைத்துக் கொடுக்கும்போது அது கண்ணைக் காப்பாற்றுகிறது.

இந்த நோய் திரும்பித் திரும்பி வரும் என்பதுதான் பெரிய துக்கம். ஒவ்வொரு முறையும் ஒரு தழும்பு விட்டுப்போகும். கடைசியில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்போம். அமெரிக்காவில் 703 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 1998-இல் வெளிவந்தது. அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை ஓராண்டு சாப்பிட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குக் கண்ணில் நோய் திரும்பியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 32 சதவீதம். இது முழு வெற்றி இல்லைதான். ஆனால் இரண்டு, மூன்று முறை வந்து பாதிப் பார்வை போன ஒருவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. அப்படிப்பட்டவர்கள் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கண் நன்றாயிருக்கிறதே என்று நிறுத்துகிறோம். நன்றாயிருப்பதற்கு அந்த மாத்திரைதான் காரணமாக இருக்கக்கூடும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அக்கி.

சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போகாமல் நரம்பு முடிச்சில் தங்கி, வயதான பிறகோ உடம்பு தளர்ந்தபோதோ ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு கொப்பளமாக வெடிப்பதை நாம் அக்கி என்கிறோம். உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக வரும். இடுப்பில், மார்பில் வந்தால் வலி அதிகம், உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து பெரும்பாலும் இல்லை. நெற்றியிலும் இமையிலும் வந்தால் அது கண்ணின் நரம்பு. 19-ஆம் நூற்றாண்டில் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு அடையாளம் சொன்னார்: மூக்கு நுனியிலோ மூக்கின் பக்கத்திலோ கொப்பளம் இருந்தால் கண்ணுக்குள்ளும் போயிருக்கும் என்று எதிர்பார். மூக்கு நுனிக்கும் கண்ணின் உட்பகுதிக்கும் ஒரே நரம்புக்கிளை போவதுதான் காரணம். இந்த அடையாளத்தைப் பார்க்க மருத்துவப் படிப்பு வேண்டாம். மருமகள் பார்க்கலாம், பேரன் பார்க்கலாம்.

நெற்றி அக்கிக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண்ணில் தொல்லை வருகிறது. கருவிழிப் புண், கண்ணுக்குள் அழற்சி, கண் அழுத்தம், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் விடாத நரம்பு வலி. கொப்பளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினால் கண் தொல்லை பத்தில் மூன்று பேர் அளவுக்குக் குறைகிறது. 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அதனால் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

இந்த மூன்று நாளில் நம் ஊரில் என்ன நடக்கிறது? முதல் நாள் கொப்பளமே இல்லாமல் ஒரு பக்கத் தலைவலி, நெற்றி எரிச்சல். தைலம் தேய்க்கிறோம். மறுநாள் சிவந்து கொப்பளிக்கிறது. அக்கி என்று தெரிந்ததும் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் சிங்கம் எழுதிக்கொள்கிறோம். இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து எழுதச் சொல்வது வழக்கம். குளிக்கக் கூடாது, கறி கூடாது என்று பத்தியம் வேறு. காவி காய்ந்து கொட்டும்போது நாலாம் நாள், ஐந்தாம் நாள். கண் இமை வீங்கி மூடிய பிறகு, ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வருகிறோம்.

அக்கி எழுதும் பெரியவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. பல தலைமுறையாக, பெரும்பாலும் காசு கேட்காமல், வலியோடு வருபவரைத் தொட்டு ஆறுதல் சொல்லி அனுப்பியவர்கள் அவர்கள். ஆஸ்பத்திரிக்கு வழியே இல்லாத காலத்தில் ஊருக்கு அவர்கள்தான் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். நெற்றியில், இமையில், மூக்கில் கொப்பளத்தோடு யாராவது வந்தால், "முதலில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். இமையின் மேல் மட்டும் காவி பூசாதீர்கள், அது கண்ணுக்குள் இறங்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடவேண்டாம். அக்கி வந்தவர் இளவயதினராக இருந்தால் மருத்துவர் சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பார். கோபப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் காரணம் தெரிந்தால் அதற்கும் வைத்தியம் கிடைக்கும். அக்கியைத் தடுக்கும் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு தவணை. ஆனால் ஒரு தவணையே பல ஆயிரம் ரூபாய். நம்மில் பலருக்கு எட்டாது. ஆகவே மாத்திரையை நேரத்தில் கொடுப்பதுதான் நம் கையில் இருக்கும் வழி.

மூன்று நாள் தாண்டிவிட்டால் கைவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கண்ணைப் பிடித்த அக்கிக்கு, புதுக் கொப்பளம் வந்துகொண்டிருக்கும்வரை, தாமதமானாலும் கொடுக்கிறோம். வந்துசேருங்கள்.

நேரம் என்று பேசினால் மலையைப் பற்றிப் பேசாமல் முடியாது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்தே அங்கே அரசாங்கம் ஏறியது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் நமக்கென்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய முன்னேற்றம். ஆனாலும் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் சிற்றூர்களில் ஒரு பாட்டிக்கு நெற்றி அக்கி வந்தால் அவர் எத்தனையாவது மணி நேரத்தில் முதல் மாத்திரையை விழுங்குவார்? 2024 ஜூனில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது நம் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. பிழைத்தவர்களில் சிலர் பார்வையை இழந்தார்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்கிறது. அங்கேயும் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தார் என்பதே பலருக்கு வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலையை வழக்காக எடுத்து, சாலையையும் அடிப்படை வசதிகளையும் பற்றிக் கேள்வி கேட்டது. சாலையும் பேருந்தும் கண் மருத்துவத்தின் பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

மலையிலும் கீழேயும் விவசாயம் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெல் உமி, கரும்புச் சோகை, சோளத் தட்டை பட்டுக் கண்ணில் வெள்ளையாகப் புண் வந்தால் அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. 1994-இல் மதுரையில் மூன்று மாதத்தில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தபோது மூன்றில் இரண்டு பேருக்கு முதலில் காயம் பட்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கிருமிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழ சரிபாதி. அதற்கு மருந்து வேறு. பக்கத்து வீட்டுக்காரர் மீதம் வைத்த அசைக்ளோவிரையும் அங்கே போடாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டம்மையும் கண்ணைப் பறிக்கும் வைரஸ்தான், அதற்கு நேரடி மருந்து இல்லை. தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் உண்டு. தவணை தவறாமல் போட்டுவிடுங்கள்.

மாவட்டச் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளிடம் என் கோரிக்கை மிகச் சின்னது. அசைக்ளோவிர் மாத்திரையும் கண் களிம்பும் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. நம் மாநிலத்தில் அரசு மருந்துகளை மொத்தமாக வாங்கித் தர மருத்துவப் பணிகள் கழகம் 1994-இலிருந்தே இருக்கிறது. ஒரு அக்கி நோயாளிக்கு முழு வைத்தியத்துக்கு 800 மில்லிகிராமில் 35 மாத்திரை. மலைமேல் உள்ள ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் எப்போதும் மூன்று பேருக்கான மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். கூடவே ஒரு பெட்டி ஃப்ளோரசின் காகிதம், ஒரு நீல டார்ச். செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும், வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டக் குழுவினருக்கும், கிளைப் புண்ணின் படமும் மூக்கு நுனிக் கொப்பளத்தின் படமும் அச்சிட்ட ஒரு அட்டை. மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு மருத்துவரின் அலைபேசி எண் அந்த அட்டையின் பின்னால் இருக்கட்டும். நெற்றியைப் படமெடுத்து அனுப்பினால், முதல் வேளை மாத்திரையை அங்கேயே, அன்றைக்கே கொடுத்துவிட்டு, மறுநாள் பேருந்தில் அனுப்பிவையுங்கள்.